ஆடியில் குடி மாறிய பெயர்

கஸ்தூரிக்குப் பயம் பிறந்த வீட்டுச் சீதனம். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், தண்ணீர் லாரிக்குப் பயம். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் அந்தப் பயத்தை நம்பித்தான் வெள்ளானூர் அடுக்குமாடிகளின் அம்மாக்கள் காலையில் குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். பயந்தவள் பார்த்துக்கொள்ளும் குழந்தை படியில் உருளாது, பட்டாணியை மூக்கில் போட்டுக்கொள்ளாது.

அவளைப் பெற்றவர்கள் இதே வெள்ளானூரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலத்தில் கஸ்தூரி அம்பத்தூர் துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடினார்கள். அந்தச் சமயம் பார்த்து, எதிர்க் குடியிருப்பில் ஐ.டி. வேலைக்குப் போகும் ஒருத்தி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். ஒன்று இரண்டாகி, இரண்டு வீடு நிறைய ஆனது. ‘அணில்குஞ்சு’ என்று பெயரும் வந்தது.

இணையத்தில் அந்தப் பெயரைப் பதிந்து பக்கம் போட்டுக் கொடுத்தவன் கிஷோர். ஆவடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அவன் பையன் அபிஷேக்கும் கஸ்தூரியிடம்தான் வளர்ந்தான். குழந்தை சாப்பிட்டதா, தூங்கியதா என்று அம்மாக்கள் ஆபீஸிலிருந்தே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். அதன் முகவரியைக் கேட்டில் எழுதினாள், ஆட்டோ முதுகில் ஒட்டினாள், குழந்தைகளின் மஞ்சள் பைகளில் அச்சடித்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் புதுச் சங்கிலி போட்டதுபோல அவளுக்குப் பூரிப்பாக இருக்கும்.

அந்தப் பூரிப்புக்குக் கண் பட்டது. துணிக் கம்பெனியில் அவளோடு வேலை செய்த சபீனா பூந்தமல்லியில் கல்யாணங்களுக்கு மருதாணி போடுகிறவள். அவளும் ஒரு இணையப் பெயர் வைத்திருந்தாள். அதற்கு வருஷா வருஷம் பணம் கட்டவேண்டிய தவணை முடிந்ததைக் கவனிக்கவில்லை. யாரோ அதை எடுத்துக்கொண்டார்கள். பழைய முகவரியைத் தட்டினால் சூதாட்டமும் துணியில்லாத பெண்களும் வந்தார்கள். சம்பந்தி வீட்டில் ஒருவர் அதைப் பார்த்துவிட, சபீனா வெளியே தலைகாட்டுவதையே நிறுத்திவிட்டாள். அந்தப் படங்களை கஸ்தூரி தன் கண்ணாலேயே பார்த்தாள். மஞ்சள் பைகள் நினைவுக்கு வந்தன. 

கிஷோரிடம் ஓடினாள். அவன் கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“நானே வரணும்னு இருந்தேன்க்கா. கோயம்புத்தூர்ல வேல கெடைச்சிருக்கு, கடைய மூடறேன். உன் பேரு என் கணக்குல கீது. ஆகஸ்ட் நடுவுல தவணை முடியுது. அதுக்குள்ள இந்த மாதிரி பேரு பதியற வேற கம்பெனிக்கு மாத்திக்கோ. சாவி மாதிரி ஒரு நம்பர் அனுப்பிக்கீறேன், அத்த அங்க போட்டா போதும்.”

“மாத்தறதுன்னா இன்னாப்பா?”

“ஊடு மாத்தற மாதிரிதான்க்கா. பேரு அதேதான், குடியிருக்கிற எடம் வேற.”

அவன் வேறு எதைச் சொல்லி விளக்கியிருந்தாலும் பிழைத்திருக்கலாம். வீடு என்று சொல்லித் தொலைத்தான். அன்று ஆனி கடைசி. மறுநாள் ஆடி.

“ஆடியில எவனாச்சும் ஊடு மாத்துவானா?” என்றாள் கஸ்தூரி.

அவளைப் பார்த்து எளிதில் சிரித்துவிட முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு ஆடியில், பெரியவர்கள் சொல்லியும் கேட்காமல் வீடு மாறினார்கள். அதே வாரம் புருஷன் வேம்புலி, அண்ணனூர் ரயில் பணிமனையில் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். இன்றும் மழை வந்தால் நொண்டுகிறான். தன் வீட்டில் காலை ஒடித்த ஆடி, நாற்பது வீட்டுக் குழந்தைகளை என்ன செய்யுமோ?

ஆவணி பிறக்கும்வரை காத்திருக்கத் தவணை இடம் கொடுக்காததால், கடைசியில் பதினெட்டாம் பெருக்கு என்று முடிவானது. ஆடியிலும் அந்த ஒரு நாளுக்குக் குற்றமில்லை. அன்று நல்ல நேரம் பார்த்து, ஐ.டி. வேலையிலிருக்கும் கிருஷ்ணப்பிரியா மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். தென்காசிக்காரி. அவள் மகளும் இங்கேதான் விளையாடுகிறாள். கஸ்தூரி சூடம் காட்டினாள். கிஷோர் கொடுத்த நம்பரைக் கிருஷ்ணப்பிரியா போட்டாள்.

“அக்கா, இது செல்லாதுன்னு வருது. ரொம்ப நாள் வச்சிருந்தா காலாவதி ஆயிரும். வேற நம்பர்தான் வாங்கணும்.”

கிஷோரின் போன் அணைந்து கிடந்தது. வேம்புலி அண்ணனூரில் அவன் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“பூட்டிக் கீது. ஆடின்னுகூடப் பாக்காம ஊட்டக் காலி பண்ணிகினு பூட்டானாம்.”

ஆடியில் குடி பெயர்ந்தவன் கையிலா நம் பெயர் இருக்கிறது என்று கஸ்தூரிக்குப் பயம் இரட்டிப்பானது. சோறு இறங்கவில்லை. குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு முகவரியைத் தட்டிப் பார்ப்பாள். பக்கம் திறக்கிற அந்த நொடிக்குள் உயிர் போய் உயிர் வரும்.

ஒருநாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் ஒரு ஆண் குரல்: “உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும்... அத்த...”

ஓடிபி கேட்பவன் திருடன் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள், டிவியில் சொல்லியிருக்கிறார்கள்.

“யாராண்ட ஓடிபி கேக்கற? போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன்!” என்று கத்திவிட்டு அந்த எண்ணைத் தடுத்துவிட்டாள்.  யாரென்று கேட்கத் தோன்றவில்லை.

தவணை முடிய ஒரு வாரம்கூட இல்லை என்றானபோது பழைய தையல் மெஷினை இறக்கினாள். அழுக்காகிவிட்டது, துவைத்துத் தருகிறேன் என்று பைகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, முகவரி தெரியாதபடி மேலே துணி வைத்துத் தைத்தாள். காலர் தைத்த கைக்கு வேலை சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு பைக்கும் அழுதாள்.

மகளின் பையைப் பார்த்துவிட்டு வந்தாள் கிருஷ்ணப்பிரியா.

“என்னக்கா இது?”

கஸ்தூரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சபீனா, படங்கள், வேம்புலியின் கால். போதாக்குறைக்கு ஓடிபி கேட்ட திருடனையும் சொன்னாள்.

“எந்தத் திருடன்? எப்ப?” கிருஷ்ணப்பிரியா நிமிர்ந்தாள். “அக்கா, பேர் கிஷோர் கணக்குல இருந்தாலும் உரிமையாளர்னு உங்க போன் நம்பரத்தான குடுத்திருப்பாரு? புது நம்பர் எடுக்கணும்னா உங்க போனுக்குத்தான ஓடிபி வரும்? அந்த எண்ணை எடுங்க.”

தடுத்து வைத்திருந்த எண்ணைத் திறந்து கூப்பிட்டார்கள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“அக்கா! நான் கிஷோருக்கா! பழைய போன் பஸ்லயே பூட்ச்சு. இன்னும் பேரு என் கணக்குலயே கீதேன்னு உனக்கு எத்தினி வாட்டி அடிச்சேன் தெரியுமா? இப்ப ஒரு ஓடிபி வரும், சொல்லு.”

போன் சிணுங்கியது. ஆறு எண்கள் வந்துவிட்டன. கஸ்தூரி அவற்றை உற்றுப் பார்த்தாள். கிஷோர் குரல்தான். ஆனால் இந்தக் காலத்தில் யார் குரலிலும் யாரும் பேசலாம் என்று செய்தியில் சொன்னார்களே. சொன்னால் பெயர் போய்விடுமோ? சொல்லாவிட்டாலும் போய்விடும். 

“இரு,” என்றாள். “உன் புள்ள தூங்கணும்னா இன்னா வோணும்? அத்தச் சொல்லு.”



“உன் முந்தானிக்கா,” என்றான் கிஷோர். “வெரல்ல சுத்திகினாத்தான் கண்ண மூடுவான். அவங்கம்மா தன் பொடவையக் குடுத்தா தூக்கிப் போட்டுட்டு அழுவான். கெளம்பும்போது நீ கிழிச்சுக் குடுத்தியே பச்சத் துண்டு, அது இன்னும் அவன் தலகாணிக்கு அடியிலதான் கீது.”

கஸ்தூரி அழுதுகொண்டே ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

புது நம்பர் வந்தது. கிருஷ்ணப்பிரியா அதைப் போட்டாள். நல்ல நேரமா, ராகு காலமா என்று யாரும் பார்க்கவில்லை. மாறி முடிய அஞ்சு நாள் ஆகலாம் என்றாள். அந்த நாட்களில் கஸ்தூரி வேம்புலியை ஏணிப் பக்கம் போகவிடவில்லை, குழந்தைகளை வாசல் பக்கம் விடவில்லை. தவணை முடிவதற்கு முந்தின நாள் காலையில் கிருஷ்ணப்பிரியா போன் செய்தாள்.

“அக்கா, பேரு இனி உங்க கணக்குல. திறந்து பாருங்க.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள். பக்கத்தின் மேலே அணில் படம் இருந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, எப்போதும் போல.

“மாத்தினதுக்கு ஒரு வருஷம் கூடச் சேர்த்திருக்காங்க. ஆனா அடுத்த தடவையும் ஆடியிலதான் முடியுது.”

“ஆனியிலயே கட்டிடலாம்மா,” என்றாள் கஸ்தூரி அவசரமாக.

அன்று மதியம், குழந்தைகள் தூங்கும்போது பைகளின் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். பாதியில் போன் அடித்தது. தெரியாத எண்.  தடுக்கப் போன விரல் நின்றது. எடுத்துக் காதில் வைத்தாள்.

“மொதல்ல நீ யாருன்னு சொல்லு,” என்றாள்.