மூன்று கரிக்கல்

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். போடிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குள் இருந்த மூன்று கல் போனதும் என்னால்தான்.

கார்த்திகையில் புதுச் சாமை குத்தியதும், ராசிங்காபுரத்திலிருந்து எங்கள் பங்காளி வீடுகள் நாலைந்தும் தாய்மாமன் ஜீப்பில் மலைக்குப் போவோம். தோட்டத்துச் சரிவில் கரியேறிய மூன்று கல். அதில் பானை வைத்துச் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்குவோம். உப்புப் போடாத முதல் பிடிச் சோற்றை அப்பா நடுக்கல்லில் வைப்பார். அதற்கு முன்னால் குழந்தைகூட வாய் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், "நம்ம ஆளுக வெதைச்ச எடம்டா" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தோட்டத்து மேனேஜரே கேட்டைத் திறந்துவிட்டு, தனக்கும் ஓர் இலை போடச் சொல்லிச் சாப்பிட்டுப் போவார்.

ஆராய்ச்சிக்காகச் சென்னை ஆவணக் காப்பகத்தில் பழைய நிலப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சரிவு கண்ணில் பட்டது. சரிவு முழுவதையும் ஆளில்லாத தரிசு என்று எழுதி ஒரு வெள்ளைக்கார துரைக்குக் கொடுத்திருந்தார்கள். சாமை விதைத்தவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் கிழக்கு எல்லைக்கு அடையாளம் வேண்டுமே, அளந்தவர் கரி படிந்த மூன்று கல் என்று குறித்திருந்தார். ஆளில்லாத இடத்தில் கல்லில் கரி எப்படி வரும்? அன்று மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. நகல் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

அப்பா தாளைத் தடவிப் பார்த்தார். "சந்தோசந்தான் அப்பு. ஆனா இதக் கொண்டுபோயி யாருகிட்டயும் நீட்டிராத. கேக்காம இருக்குற மட்டுந்தான் விடுவாய்ங்க."

"படிக்காதவுகளுக்கு எல்லாத்துக்கும் பயந்தான்" என்றேன். அப்படியே, அந்தச் சொற்களில்தான் சொன்னேன்.

மாமா சிரித்தார். "மாப்ளே, தோட்டம் கைக்கு வந்ததும் இந்த ஜீப்பு நிறுத்த ஒரு எடம் எழுதி வச்சுரு."

வருடம் ஒருநாள் அங்கே பொங்கிச் சாப்பிடுவதை எங்கள் உரிமையாக ஏற்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் மனு எழுதித் தோட்டத்து நிர்வாகத்துக்கு அனுப்பினேன். நகலை இணைத்து, மூன்று கல் வரும் வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன்.

அந்தக் கார்த்திகையில் கேட் பூட்டியிருந்தது. மேனேஜர் உள்ளே நின்றபடியே பேசினார். "இம்புட்டு நாளும் கும்புட வந்தீக, தொறந்து விட்டேன். இப்பப் பாத்தியதை கேட்டு எழுதிப்புட்டீக. மொதலாளி வக்கீலக் கேக்காம விட்டா என் சோலி போயிரும் தம்பி." என் முகத்தைப் பார்க்காமலே திரும்பி நடந்தார்.

காவல்காரரிடம் கல்லைப் பற்றிக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரமே பேத்துட்டாங்கண்ணே. ஏலக்கா காயப்போடுற ஸ்டோருக்குச் செவரு கட்டுனாங்கள்ல, அதுக்குள்ள போயிருச்சு."

எது சாட்சி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான்தான் அடிக்கோடிட்டுக் காட்டியிருந்தேன்.

திரும்பிப் போகலாம் என்று யாரோ சொன்னதற்கு அம்மா, "ஒலைக்குச் சாமை களைஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரம் கிடந்த செங்கல் மூன்றைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். லோடு ஜீப்புகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. சோறு வெந்தது. அப்பா முதல் பிடியை அள்ளிக்கொண்டு, செங்கல்லைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். சோற்றின் சூடு கையைச் சுட்டிருக்க வேண்டும், கை மாற்றிக்கொண்டார். குழந்தைகள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியில் அதை என் இலையில் வைத்தார்.

"வெரசாச் சாப்புடுப்பா. பிள்ளைக பசியா இருக்குதுக."

அவர் குரலில் கோபமில்லை. உப்பில்லாத அந்தப் பிடியை நான் தின்று முடிக்கும்வரை மற்ற யாரும் இலையில் கை வைக்கவில்லை.