ஈரத் தரை

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பினாயில் அக்கா என்று பெயர். அவள் வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை வந்து ஆஜராகிவிடும் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். வாந்தியோ ரத்தமோ, தரையில் எது கொட்டினாலும் யாராவது வழுக்கி விழுவதற்குள் துடைத்தாக வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அந்தப் பாடத்தை மறக்காததற்குத்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது.

சமையலறை வாசலுக்கு மேலிருந்த பரணிலிருந்து பெட்டி இறக்க ஸ்டூலில் ஏறிய கணவர், கால் இடறி, படியின் சிமெண்ட் விளிம்பில் பின்மண்டை மோத விழுந்தார். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பறந்தார்கள். பொண்ணு வந்ததும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் அவளும் ரத்தமும்தான் மிச்சம். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். பிள்ளை இதைப் பார்க்கவா? வாளியை எடுத்தாள். மகள் வந்து நின்றபோது வாளித் தண்ணீர் சிவந்திருந்தது.

கணவர் போகும் வழியிலேயே போய்விட்டார். அன்று காலை இருவரும் சண்டை போட்டது தெருவுக்கே கேட்டிருந்தது. கணவரின் அண்ணன் போலீசுக்குப் போனார். விழுந்தாலும் இந்தக் காயம் படும், அடித்தாலும் படும் என்று டாக்டர் சொன்னதில் பிற்பாதி மட்டுமே நீதிமன்றத்தின் காதில் ஏறியது. மகள் கூண்டில் நின்று, கண்டதைக் கண்டபடி சொன்னாள்: “அம்மா தரையத் தொடச்சிட்டு இருந்தாங்க.” வேறென்ன வேண்டும்? புருஷன் உயிர் ஊசலாடும்போது அழாமல் தரை துடைத்தவள் தடயத்தைத்தான் அழித்தாள் என்று தீர்ப்பாயிற்று. ஒரு பெண் எத்தனை சொட்டு அழுதால் நிரபராதி என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? புரண்டு அழுதிருந்தால் அதை நடிப்பு என்றிருப்பார்கள்.

மேல்முறையீடு நடக்கையில் ஜாமீனில் வந்தாள். மகள் இப்போது துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கூண்டில் சொன்னதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்க அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. மகள் வீட்டில் இருந்தால் துடைக்கும் துணியை அம்மா தொடவே மாட்டாள்.

தீர்ப்பு நாளன்று வரத் தேவையில்லை என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்கு அங்கேயே போய்ப் பயப்படலாம் என்று மகளோடு கிளம்பினாள். நீதிமன்ற நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுபடி ஜெயிலின் அந்தக் கம்பிக் கதவைப் பின்னால் சாத்தும் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு குமாஸ்தா கை தவறி டீயைக் கொட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் போனார். டீ வழவழப்பான தரையில் ஓடி அவள் செருப்பைத் தொட்டது. எதிர் பெஞ்சில் கணவரின் அண்ணன்.

“என்ன, தொடைக்கலையா? உனக்குக் கைவந்த வேலையாச்சே.”

அவள் கைகள் இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டாள். கைத்தடி ஊன்றி வந்த ஒரு பெரியவர் அந்த ஈரத்தில் வழுக்கித் தடுமாறினார். யாரோ பிடித்துக்கொண்டார்கள். அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. மகள் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அந்த ஈரத்தையும் அம்மாவின் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு நீதிபதிகளில் ஒருவர் வேகவேகமாகப் படித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் வக்கீலம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“விடுதலைம்மா. சந்தேகத்தோட பலனை உங்களுக்குக் கொடுத்துட்டாங்க.”

“அப்ப சந்தேகம் இன்னும் இருக்கா, மேடம்?”

சட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார் அவர். நிரூபிக்க வக்கில்லாதவர்கள் போலீஸ்காரர்கள். சந்தேகத்தை மூட்டை கட்டித் தூக்கிப்போக வேண்டியது இவள்! வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் அவள் கூடவே வந்தது.

வீட்டில் மகள் குடிக்கத் தண்ணீர் மொண்டாள். செம்பு நழுவியது. தண்ணீர் பரவிப்போய் அந்தச் சிமெண்ட் படியில் முட்டி நின்றது. அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மகள் கொல்லைப்பக்கம் போய்த் துணியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள்.

“தொடைங்கம்மா. யாராவது வழுக்கி விழப்போறாங்க.”

தெருக்கதவு திறந்து கிடந்தது. ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

“கதவைச் சாத்திடட்டுமா?”

“எதுக்கு?” என்றாள் மகள்.

அவள் மண்டியிட்டாள். துணியைப் படியோரத்து ஈரத்தில் வைத்து அழுத்தினாள்.