பின்னறைச் சுவர் காயவில்லை

இது நடந்தது. கதை கட்டுகிற வேலை எனக்கு வராது. போன திங்கட்கிழமை தொடங்கி இன்று காலை வரை நடந்ததை, மணி நிமிடத்தோடு எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் இடது காதுக்குள் மட்டும் இன்னும் தண்ணீர் நிற்கிறது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு "உள்ள ஒண்ணுமே இல்லையே" என்கிறார். அவருக்கென்ன, காது என்னுடையது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டே கிடையாது. ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகல், மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் புகுந்த வீடு, தீப்பிடித்த கடை, பூஞ்சை பிடித்த கிடங்கு... இவற்றைப் பழையபடி ஆக்கித் தருவது. பெயர், வேன், சட்டை, விதிப்புத்தகம் எல்லாம் ஒரு பெரிய கம்பெனியுடையவை. இந்தப் பகுதிக்கான ஃபிராஞ்சைஸ், அதாவது கிளை உரிமை, என்னுடையது. ஐந்து வருடத்தில் மூன்று வேன், ஒன்பது ஆட்கள், நாற்பது கிளைகளில் முதலிடம். மற்ற கிளைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் வயிறு எரியும். எரியட்டும். அவர்கள் ஒரு வீட்டை எட்டு நாள் காயவைப்பார்கள். நான், "நாலாவது நாள் சாவி உங்க கையில" என்று சொல்வேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

திங்கள் காலை 10.20. ஒற்றை மாடி வீடு. மேலே குளியலறைக் குழாய் வெடித்து இரண்டு நாள் தண்ணீர் ஓடியிருக்கிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார், மனைவி இல்லை. மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் பச்சப்புள்ளையோட வந்துருவோம் சார். பின்னறைதான் புள்ளைக்கு. அது நல்லா காஞ்சிருக்கணும்" என்றார்.

"நாலாவது நாள் சாவி உங்க கையில" என்றேன்.

என்னோடு என் மச்சான், மனைவியின் தம்பி. அவனை எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் அவன் கையைவிட்டு இறங்காது. கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

எங்கள் வேலை இப்படி. தண்ணீரே படாத ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து மீட்டர் வைப்போம். அதற்குப் பெயர் நல்ல சுவர். அந்த வீட்டில் முன்னறைச் சுவர் அது, அளவு எட்டு. மற்ற எல்லாச் சுவரும் எட்டுக்கு இறங்கினால்தான் நான் சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். 'ஈரம் இல்லை, குடியிருக்கலாம்' என்று அர்த்தம். நனைந்த சுவரில் ஈரம் எதுவரை இருக்கிறதோ அந்த விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுவோம். மறுநாள் பார்த்தால் ஈரம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

பின்னறையில் ஒரே ஒரு சுவர்தான் நனைந்திருந்தது. முழங்கால் உயரம். மீட்டர் 99. அதற்கு மேல் மீட்டரில் எண்ணே கிடையாது. மச்சான் கோடு போட்டான், காயவைக்கும் மெஷின்கள் ஏழை ஓடவிட்டோம். அறை வாசலில் தடித்த பிளாஸ்டிக் திரை ஒட்டினோம், நடுவில் ஜிப். உள்ளிருக்கும் காற்று வெளியே போகாமலிருக்க எப்போதும் செய்வதுதான்.

செவ்வாய் காலை 9.05. வீடு முழுக்க ஈரம் இறங்கியிருந்தது. பின்னறையில் மட்டும் ஏறியிருந்தது. இடுப்பு உயரம்.

"மீட்டர் கெட்டுப்போச்சா?" என்றேன்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு மாமா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். திரையை ஒழுங்கா ஒட்டியிருக்க மாட்ட."

மறுபடி ஒட்டினோம். இரண்டு மெஷின்கள் கூடுதலாக வைத்தோம். இப்போது ஒன்பது.

புதன் காலை 8.50. ஈரம் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. மேல் விளிம்பு நேராக இல்லை, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கியிருந்தது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த அறைக்குப் போய் அதே சுவரின் மறுபக்கத்தை அளக்கச் சொன்னேன். எட்டு. அந்தச் சுவருக்குள் குழாய் ஏதும் ஓடவில்லை. சுவரில் கட்டைவிரல் அளவுக்குத் துளை போட்டோம். உள்ளேயிருந்து உலர்ந்த தூசி கொட்டியது.

"அப்ப ஈரம் சுவருக்குள்ளேருந்து வரல மாமா" என்றான் மெதுவாக. "ரூம்லேருந்து சுவருக்குப் போகுது."

"என்னடா உளறுற?"

"நனைஞ்ச ஆளு யாராச்சும் சுவத்துல சாஞ்சு நின்னா எப்படி இருக்கும்... அப்படி இருக்கு."

நன்றாகத் திட்டிவிட்டேன். திட்டியதற்குக் காரணம் கோபமில்லை. அவன் சொல்வதற்கு முன்பே எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது.

வியாழன். மற்ற அறைகள் எல்லாம் எட்டு. மதியம் 2.40க்கு வீட்டுக்காரர் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள், ஐந்து மணிக்கு வந்துவிடுவோம் என்றார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வெளியே ஆட்கள் இரண்டு பேர் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் மச்சானும் மட்டும் கடைசி அளவு எடுக்கப் பின்னறைக்குள் போனோம்.

2.55. சுவரில் ஈரம் இல்லை.

சுத்தமாக இல்லை. மூன்று நாள் கோடுகள் மட்டும் இருந்தன. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "பாத்தியா? நீயும் உன் சாஞ்ச ஆளும்" என்று அவன் முதுகில் தட்டினேன்.

அவன் மீட்டரைச் சுவரில் வைக்கப் போனான். வைப்பதற்கு முன்பே அது கத்தத் தொடங்கியது.

கீ... கீ... கீ...

ஈரம் கூடக் கூட அது வேகமாகக் கத்தும். அவன் மீட்டரை எதிலும் வைக்கவில்லை. காற்றில் பிடித்திருந்தான். அப்படியே மெல்லத் திரும்பினான். ஜன்னல் பக்கம் திருப்பினால் சத்தம் குறைந்தது. வாசல் பக்கம் திருப்பியதும்...

கீகீகீகீகீ.

3.04. வாசலை ஒட்டிய சுவரில் ஈரம் இருந்தது. தரையிலிருந்து முழு ஆள் உயரம். தோள். தோளுக்கு மேலே உருண்டையாக ஒன்று.

நாங்கள் வந்த வழி அதுதான். வேறு வழி கிடையாது.

நான் முதலாளி, பயத்தைக் காட்டக் கூடாது. குழாய்க் கசிவாக இருக்குமோ என்று சுவரில் காது வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். கிட்டே போய் இடது காதை வைத்தேன்.

தண்ணீர் ஓடும் சத்தம் இல்லை.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

நீளமாக... இன்னும் நீளமாக...

வெளியே விடவே இல்லை.

காதுக்குள் சில்லென்று தண்ணீர் இறங்கியது. கத்திக்கொண்டு பின்னால் விழுந்தேன். அதே நேரம் ஒன்பது மெஷின்களும் நின்றன. மணி 3.12.

அமைதி.

ஸ்ஸ்ஸ்ர்ர்ர்...

திரையின் ஜிப் மேலிருந்து கீழே இறங்கி மூடிக்கொண்டது. அதன் பிடி வெளிப்பக்கம் இருக்கிறது. நடையில் யாருமில்லை.

"மாமா..."

திரை உள்பக்கமாக உப்பியது. காற்றில் உப்புகிற மாதிரி இல்லை. ஒரு முகம் அழுத்துகிற மாதிரி. மச்சான் அதற்கு நேர் எதிரே நின்றான். நகர்ந்திருக்கலாம். நகரவில்லை.

திரை அவன் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

தலையைச் சுற்றி இறுகியது. வாய் திறந்தது. பிளாஸ்டிக் வாய்க்குள் போனது. கைகளால் பிய்த்தான். வழுக்கியது. எல்லாம் ஈரம்.

பெட்டி கிழிக்கும் கத்தி என் பெல்ட்டில் இருந்தது.

கிழித்தேன்.

கன்னத்திலும் கீறிவிட்டேன்.

இழுத்தேன்.

இரண்டு பேரும் நடையில் போய் விழுந்தோம். 3.14. பின்னால் ஒன்பது மெஷின்களும் தாமாகவே ஓடத் தொடங்கின. திரும்பிப் பார்த்தேன். கிழிந்த திரைக்கு அப்பால் அறை தெரிந்தது. எந்தச் சுவரிலும் ஈரம் இல்லை.

இனி நான் சொல்லப் போவதற்கு என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள்.

3.40க்கு வேனில் உட்கார்ந்து சான்றிதழ்த் தாளை எடுத்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. பின்னறைக் கட்டம் மட்டும் காலி. மச்சான் கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எழுதாதீங்க மாமா. இன்னும் நாலு நாள் கேளுங்க. பச்சப்புள்ள வருது."

"என்னன்னு சொல்லிக் கேக்கறது? பேய் இருக்குன்னா? நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"உள்ள போய் அளந்துட்டு வா, அப்ப எழுதல."

அவன் போகவில்லை. நானும் போகவில்லை. முன்னறை வரை போனேன். நல்ல சுவரில் மீட்டரை வைத்தேன். எட்டு. அதைப் பின்னறைக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுவரிலிருந்த துளையை அடைக்கவும் பென்சில் கோடுகளை அழிக்கவும் மெஷின்களை எடுக்கவும் வெளியிலிருந்த ஆட்களை அனுப்பினேன். அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்கும் எதுவும் நேரவில்லை.

5.10க்கு டாக்சி வந்தது. சாவியையும் சான்றிதழையும் நீட்டினேன். "ரொம்ப நன்றிண்ணா. நீங்க இல்லைன்னா நாங்க எங்க போயிருப்போம்?" என்றாள் மகள். துணிச் சுருளுக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வெள்ளி காலை 8.30. இலவசப் பரிசோதனை என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, பின்னறையின் நான்கு சுவரையும் அளந்தேன். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. அப்பாடா என்று மூச்சு வந்தது. வீட்டுக்காரர் டீ போடப் போனார். அப்போது மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, உங்களைக் கேக்கலாமான்னு தெரியல. புள்ள முதுகு எப்பவும் ஈரமாவே இருக்கு. துணி மாத்தி அஞ்சு நிமிஷத்துல நனைஞ்சிடுது. காய்ச்சல் இல்ல, வேர்வையும் இல்ல. ரூம்ல ஏதும் ஈரக்காத்து அடிக்குதா?"

அவள் ஓரடி கிட்டே வந்தாள்.

என் கையிலிருந்த மீட்டர் கத்தியது.

கீகீகீகீகீ.

நான் அதை அணைத்துவிட்டேன். "பேட்டரி" என்றேன்.

நேற்று சனிக்கிழமை. வேலை முடிந்த கோப்பைத் தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பினேன். 'இந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு வேலை முடிக்கப்பட்டுள்ளது' என்று காட்டியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால். எனக்கு முன் இந்தக் கிளையை நடத்தியவர் செய்திருக்கிறார். அளவுத் தாளைத் திறந்தேன். பின்னறை: 99, 99, 99. நாலாவது நாள், 8. கூடவே ஒரு போட்டோ இருந்தது. அதே பின்னறை, அதே சுவர். சுவரை ஒட்டி ஒரு தொட்டில்.

எண்ணைத் தேடிப் பிடித்து அந்த மனிதருக்குப் போன் செய்தேன். தெருவையும் வீட்டையும் சொன்னேன்.

"நாலாவது நாள்..." என்றார். "நீங்களும் முன்னறைச் சுவரைத்தான் அளந்தீங்களா?"

வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவில்லை.

இன்று காலை 9.20க்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். இந்த வீட்டை யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"அது ஆச்சு சார் ஏழு வருஷம். புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. பாவம், புள்ளகுட்டி கிடையாது."

அப்படியானால் அந்தத் தொட்டில் யாருக்கு? பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திரை, காது, மச்சான், தொட்டில், நான் எழுதிய பொய். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே வெளியே வாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வாத்தியார் இல்லையா.

"சார், உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கறேன். அந்தத் தாளு பொய்யாவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை என் கண்ணு முன்னால நாலு சுவரும் எட்டுன்னு காட்டினீங்களே, அதுவும் பொய்யா?"

"இல்ல. அது நிஜம். ஆனா அது இப்ப சுவத்துல இல்ல சார்..."

"காஞ்சுபோச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்ன? மெதுவா பேசுங்க. பின்னறையில புள்ள இப்பத்தான் தூங்குது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.