நிற்காத வண்டி கேட்டு வந்த ஸ்டெல்லா

"அண்ணே, வழியில நிக்காத வண்டி எங்க கிடைக்கும்?"

தீவில், ஷாதிபூரில் இருக்கிற என் மெக்கானிக் ஷெட்டுக்குள் வந்ததும் ஸ்டெல்லா கேட்ட முதல் கேள்வி இது. ஒரு கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டு, கை முழுக்க கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன். சிரிப்புதான் வந்தது.

"அப்படி ஒரு வண்டிய எந்த கம்பெனிக்காரனும் இன்னும் செய்யலம்மா. நீ எதுக்குன்னு சொல்லு" என்றேன்.

சொன்னாள். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், இங்கே வண்டூரில் வீடு. புருஷன் சேவியர் டிங்கிப் படகு வைத்து மீன் பிடித்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பஸ்ஸில்தான் கூட்டிப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் பஸ் பாதியில் படுத்துவிட்டது. டயாலிசிஸ் தவறி, ராத்திரிக்குள் நெஞ்சில் நீர் கோத்து, ஆளையே பறிகொடுக்க இருந்தாள். இன்னொரு தரம் தவறக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டிங்கியை விற்றுவிட்டு, டிரைவிங் கற்று, லைசென்ஸோடு வந்து நிற்கிறாள்.

சிரித்தது தப்பாகப் போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

எங்கே வாங்குவது

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தீவில் செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு முதல் எதிரி என்ஜின் அல்ல, துரு. உப்புக் காற்று அடித்தளத்தைத் தின்றுவிடும். அதனால்தான் நம் ஆட்களுக்கு 'மெயின்லேண்ட் வண்டி' என்றால் ஒரு கிறுக்கு. சென்னையிலிருந்து கப்பலில் இறங்கிய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அது அங்கே எந்த வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது என்று இங்கே யாருக்குத் தெரியும்? ஸ்டெல்லாவின் சித்தப்பா மகன் அப்படி ஒன்றை அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். பார்க்காத வண்டிக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று சொல்லிவிட்டேன். அதை விட்டாள்.

அடுத்தது டிரான்ஸ்பர் வண்டி. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிற ஆபீசர்கள் கிளம்பும் முன்னால் விற்பார்கள். எனக்கு எப்போதும் அதில்தான் நம்பிக்கை. குவார்ட்டர்ஸ் ஷெட்டில் நிழலில் நின்ற வண்டி, சர்வீஸ் தவறாதது. அப்படி ஒரு சின்ன வண்டி அப்போது விலைக்கு வந்தது. ஆட்டோமேட்டிக், ஏசி சும்மா ஜில்லென்று இருந்தது. கால்மிதி மேட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தேன், ஒரு பொட்டு துரு இல்லை. ஆபீசரும் தங்கமான மனுஷன்.

ஸ்டெல்லா வண்டியைச் சுற்றிவந்தாள். ஆபீசர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "சார், எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்டாள்.

"இந்தக் கப்பல்லயே போறோம்மா."

வெளியே வந்ததும், "வேணாம்ணே" என்றாள்.

"ஏம்மா, என்ன குறையக் கண்ட?"

"குறை ஒண்ணும் இல்லண்ணே. வேணாம்."

எனக்கு வந்ததே கோபம். அரை நாள் வேலையை விட்டுவிட்டு இவளோடு அலைந்தால், காரணம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாளே!

கடைசியாகப் பார்த்தது மண்டல் பாபுவின் வண்டி. வண்டூர் ரோட்டிலேயே வீடு. ஒரே மாடலில் இரண்டு வண்டி வைத்து டாக்சி ஓட்டுகிற பெங்காலி. ஒரு டிரைவர் கண் சரியில்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டதால் ஒன்றை விற்கிறார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் கருகருவென்று எண்ணெய்ப் பிசுக்கு. மழைக்கு முன்னால் பழைய என்ஜின் ஆயிலை அடித்தளம் முழுக்கப் பூசிவிடுவது இங்கே வழக்கம், துரு அண்டாது. அடி அழுக்காக இருந்தால் வண்டி பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். பளபளவென்று புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால்தான் உஷாராக வேண்டும்.

ஆனாலும் அது நிறைய ஓடிய வண்டி. மண்டலே மறைக்கவில்லை. ஸ்டெல்லாவை அக்கா முறை வைத்தே கூப்பிட்டார். "தீதி, கிளட்ச் பழசு. பின்னாடி லெஃப்ட் டோர் ஜோரா, ஓங்கிச் சாத்தணும். ஏசி மழைக்காலத்துல மட்டும் நல்லா வேலை செய்யும்" என்றார்.

அதையே வாங்கினாள். "உன் இஷ்டம் தாயே" என்று கிளட்சை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். மனசுக்குள் பொருமல்தான்.

பம்ப்

மழைக்காலத்தில் ஒரு காலை, ஸ்டெல்லாவின் போன். டயாலிசிஸுக்குப் போகிற வழியிலிருந்து பேசினாள்.

"அண்ணே, வண்டி நின்னுருச்சு. இவருக்கு இப்பவே மூச்சு வாங்குது."

"சாவியத் திருப்பு. பின்சீட்டுக்கு அடியில 'உய்ங்'னு சத்தம் வருதா?"

"ஒண்ணும் வரல."

ஃபியூவல் பம்ப் போய்விட்டது. நான் கிளம்புவதற்குள் மண்டல் பாபு போய்ச் சேர்ந்துவிட்டார். அவரையும் கூப்பிட்டிருக்கிறாள். சேவியரைத் தூக்கித் தன் வண்டியில் படுக்கவைத்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் நின்ற வண்டியைக் கட்டி இழுத்து வந்தேன்.

டவுன் முழுக்க போன் போட்டேன். அந்தப் பம்ப் ஒரு கடையிலும் இல்லை. கடல் கொந்தளிப்பில் கப்பல் வரவில்லை, பிளைட் கார்கோவும் நின்றிருந்தது. அந்த ஆபீசர் வண்டியை வேறொருவர் வாங்கி, அதுவும் ஒரு சென்சாருக்காக என் ஷெட்டிலேயே தவம் கிடந்தது. ஆபீசர் வண்டியின் மாடல் தீவிலேயே விரல் விட்டு எண்ணும்படிதான் உண்டு.

மண்டல் அதே மாடலான தன் வண்டியோடு ஷெட்டுக்குள் வந்தார். "மிஸ்திரி, இதுலேர்ந்து பம்ப் நிகாலோ. அதுல போடு" என்றார்.

"பாபு, உங்க பொழப்பு?"

"கப்பல் வரட்டும். தீதி நாளான்னிக்கு மறுபடி போகணுமில்ல?"

கழற்றி மாட்டினேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. டயாலிசிஸ் முடிவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். சேவியர் பின்சீட்டில் படுத்ததும் தூங்கிப்போனார். ஸ்டெல்லா கதவை ஓங்கிச் சாத்திவிட்டு என் பக்கம் வந்தாள். அப்போதுதான் கேட்டேன்.

"அன்னிக்கு அந்த சார் வண்டிய ஏம்மா வேணாம்னே?"

"அவங்க வீட்டுல சாமானெல்லாம் மூட்டை கட்டி வச்சிருந்தாங்கண்ணே. இவரு படுத்ததும் டிங்கில கூட வந்தவங்க போனாங்க. இவரோட தம்பி மெயின்லேண்டுக்கே போயிட்டான். போறவங்க முகத்தப் பாத்துப் பாத்து வெறுத்துப் போச்சு. நாளைக்கும் இங்கயே இருக்கிற ஒரு ஆளு வேணும்னு இருந்துச்சு."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.  இத்தனை வருஷமாக நான் மேட்டைத் தூக்கித் துருவைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போதும் பார்க்கிறேன், பார்க்காமல் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் விற்கிறவரின் வீட்டுக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன்.