கோர்ட் உத்தரவும் கொல்லைக் கதவும்

சில வருடங்களுக்கு முன்பு, வெயில் கொளுத்திய ஒரு சித்திரை மாதத்தில், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது.

அப்பா உயில் எழுதாமலேயே இறந்துபோனார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். வீடும், வாய்க்காலை ஒட்டிய நிலமும் அண்ணன், நான், தம்பி மூவருக்கும் சமபாகம். அண்ணன் குடும்பம் அந்த வீட்டில்தான் இருந்தது. விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. நீங்கள் இரண்டு பேரும் உங்கள் பங்கை எனக்கு விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுங்கள் என்றார் அண்ணன். திருவாரூரில் வாழ்க்கைப்பட்ட நான், இருவரிடமும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

கடைசியில் தம்பி பாகப்பிரிவினை வழக்குப் போட்டான். அதோடு நிற்காமல் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பச் செங்கல்லும் இறக்கினான். அண்ணன் ஓடிப்போய்த் தடை உத்தரவு வாங்கினார். வழக்கு முடியும்வரை வீட்டில் எதையும் யாரும் இடிக்கவோ மாற்றவோ கூடாது. அதை லேமினேட் செய்து, கூடத்தில் மாதா படத்துக்குக் கீழேயே மாட்டிவைத்தார்.

வீட்டைப் பிரிக்க முடியுமா என்று நேரில் பார்த்துச் சொல்ல, கோர்ட் ஓர் இளம் பெண் வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. போலீஸ் கமிஷனர் வருகிறார் என்று நினைத்துத் தெருவே கூடிவிட்டது. சர்வேயரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவர் வந்து இறங்கியதும் பாதிப் பேர் ஏமாந்து கலைந்தார்கள்.

அளந்து பார்த்தால் மாடிப்படி அண்ணன் பாகத்தில் வந்தது, மாடி தம்பி பாகத்தில். எனக்கு வந்த பாகத்துக்கு வாசலே இல்லை. கொல்லையில் கழிவறை தம்பிக்கு, அதன் தொட்டி எனக்கு.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் கட்டுன கக்கூசு இது. எவன் எடுத்துக்கிறான்னு பாக்குறேன்" என்று கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். கோபம் தணிந்து அவர் திறக்கப் பார்த்தபோது, துருப்பிடித்த தாழ்ப்பாள் நகரவில்லை.

"கதவ ஒடைங்கடா" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

தம்பி நிதானமாகச் சொன்னான்: "அது எப்படிண்ணே? கோர்ட் உத்தரவு இருக்கே. எதையும் இடிக்கக் கூடாதுன்னு நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க?"

"டேய், அது சுவருக்குடா."

"கதவுக்கு இல்லைன்னு அதுல எழுதலியே."

கமிஷனர் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மூணு பேரும் சம்மதிச்சா ஒடைக்கலாம், நான் அறிக்கையில எழுதிக்கிறேன்" என்றார். நான் சரி என்றேன். தம்பி மட்டும், அண்ணன் முதலில் கழிவறை யாருக்கு என்று சொல்லட்டும் என்று பேரம் பேச ஆரம்பித்தான். அண்ணி வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்.

அப்போதுதான் கவனித்தேன், உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. தகரக் கூரை வேறு, நல்ல வெயில் நேரம். "அண்ணே" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன். அப்போதும் இல்லை.

தம்பி என்னைத் தள்ளிவிட்டு வந்து ஓங்கி ஓர் உதை விட்டான். கதவு நிலையோடு பெயர்ந்து விழுந்தது. உள்ளே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே பேசல?" என்று கேட்டான் தம்பி.

"உங்கிட்ட பேசுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றவர், விழுந்து கிடந்த கதவைப் பார்த்தார். "கோர்ட் உத்தரவ மீறிட்டியேடா."

தம்பி அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். அண்ணன் கையைக் கொடுத்து அவனைத் தூக்கிவிட்டார். பிறகு கமிஷனரிடம், "கரையான் அரிச்சுத் தானா விழுந்துச்சுன்னு எழுதிக்கங்கம்மா" என்றார்.

"பொய் எழுத முடியாது சார். ஆபத்துன்னு ஒடைச்சாங்க, மூணு பேருக்கும் சம்மதம்னு எழுதறேன். சம்மதம்தானே?"

மூவரும் தலையாட்டினோம்.

"இந்த வழக்குல நீங்க மூணு பேரும் ஒத்துக்கிட்ட முதல் விஷயம் இதுதான்" என்று சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட வீட்டைப் பிரிக்க முடியாது, விட்டால் ஏலத்துக்குத்தான் போகும், கோர்ட்டிலேயே இருக்கும் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசிப்பாருங்கள் என்றார். பேசினோம். அங்கேயும் சண்டை வராமல் இல்லை. ஆனால் வீடு அண்ணனுக்கு, நிலம் எனக்கும் தம்பிக்கும் என்று முடிந்தது. அதையே கோர்ட் தீர்ப்பாகக் கொடுத்தது.

பேசித் தீர்க்கும் வழி முதல் நாளிலிருந்தே எங்கள் முன்னால் இருந்தது. அந்த வழிக்கு வர, அண்ணன் போய்விட்டாரோ என்று ஒரு கணம் நாங்கள் பயப்பட வேண்டியிருந்ததை நினைத்தால், இன்றும் எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் வருகிறது.