அன்ரி என்றால் கதவு திறக்கும்

முந்தாநாள் வெக்ஸ்போர்ட்டில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். எங்கள் ஆட்களின் பிள்ளைதான், இங்கேயே பிறந்தவள். கராம்பு எண்ணெய் மணக்க மணக்க என் வாய்க்குள் எட்டிப்பார்த்து, “ஓ மை கோட் அன்ரி, இந்தப் பல் எப்பிடி உடைஞ்சது?” என்றாள். ரின்மீன் பட்டது என்றேன். மீன் முள்ளு என்று நினைத்தாளாக்கும், சிரித்தாள். மீனில்லையடி பிள்ளை, ரின். மூடி திறக்காத முழுத் தகர ரின்.

எறிந்தவர் என் கணவர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியிருந்த காலம். உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிற மனுசனுக்கு அங்கே வாங்கிய ஏச்சையெல்லாம் கொட்ட ஓர் இடம் வேண்டும், நான் இருந்தேன். சோறு ஆறியிருந்தால் அறை, சூடு கூடினால் உதை. தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதுவார். தொலைபேசியில் அவருடைய தாயாரிடம் அழுதால், “அடிக்கிற கைதான் பிள்ளை அணைக்கும்” என்பா. அணைத்த கையை நான் கண்டதேயில்லை.

ரின் பட்ட அன்று பின்னேரம் அதோடு விடாமல் கழுத்தையும் நெரித்தார். கண் இருண்டுகொண்டு வந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

“ஆரது?” என்று கத்தினார்.

“அன்ரி,” என்றது வெளியே ஒரு குரல்.

எங்கள் ஆம்பிளைகளின் மரியாதையைப் பாருங்கள். மனுசியைக் கொல்லலாம், வந்த அன்ரியை வாசலில் நிற்கவிடக்கூடாது! சாரத்தை இழுத்துக் கட்டி, ஒரு சிரிப்பையும் ஒட்டிக்கொண்டு திறந்தார்.

நின்றது தமிழ் அன்ரி அல்ல. பக்கத்து வீட்டு மார்லீன். ஓஜிப்வே பெண், வெள்ளைக்காரருக்கும் முந்தின, இந்த மண்ணின் பூர்வீகக்காரி. மூத்த பெண்ணை அன்ரி என்பது அவர்களிடமும் உண்டென்று எங்களுக்கு எங்கே தெரியும்? அவளுக்குப் பின்னால் அந்த மாடியிலிருந்த பெண்கள் மூன்று பேர்.

“உது எங்கட குடும்பப் பிரச்சினை!” என்று தமிழிலேயே கத்தி, அவளுடைய முகத்தில் குத்தினார். மூக்கால் இரத்தம் ஒழுக மார்லீன் அசையாமல் நின்றாள். “ஷீ ஸ்ரேய்ஸ். யூ கோ,” என்றாள். என் அரைகுறை இங்கிலிஷுக்கே விளங்கியது. அடிபட்டவள் ஏன் ஓடவேண்டும், அடித்தவன் போகட்டும். அதுதான் அவளுடைய சட்டம். நாலு பேருமாக நெருக்கி அவரை லிஃப்ற் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். வெறுங்காலோடு போனார். ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! திரும்பி வந்தபோதெல்லாம் அவர்கள்தான் வாசலில் நின்றார்கள். கடைசியில் வருவதை விட்டுவிட்டார்.

பிறகு அடி விழுகிற சத்தம் கேட்கிற வீடுகளுக்கு நானும் மார்லீனோடு போகத் தொடங்கினேன். தமிழ் வீடென்றால் என்னைத்தான் முன்னுக்கு விடுவாள். “தம்பி, அன்ரி வந்திருக்கிறன்,” என்பேன். எந்தச் சண்டியனும் திறக்காமல் விட்டதில்லை.

அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டில் தும்மினால் மற்ற வீட்டில் கேட்கும். அந்த மெல்லிய சுவர்களை எவ்வளவு திட்டியிருப்போம்! ஒவ்வொருவராகத் தனி வீடு வாங்கிக்கொண்டு போனோம். மார்லீனும் காலமாகிவிட்டாள். போன மாதம், என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒருவன் மனைவியைக் குத்திக் கொன்றான். அம்மா கனநேரம் கத்தினவ என்று மகள் பொலிசுக்குச் சொன்னாளாம். நான் வீட்டில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.