கட்டிலில் இருந்தபடியே நடந்தவன்

டொக்டர் என் காலைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார்!

போன செவ்வாய்க்கிழமை, எலும்பு கிளினிக்கில். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயா, நான் சொன்ன மாதிரி காலில பாரம் குடுத்து நடக்கிறீங்களோ?"

"ஓம் டொக்டர். விடிய அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம்."

பக்கத்தில் நின்ற மனைவியும் சாட்சி சொன்னாள். "ஓம் டொக்டர், நான் குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறனான்."

டொக்டர் குனிந்து என் செருப்புகள் இரண்டையும் எடுத்துத் திருப்பினார். ஒரே நாளில் வாங்கிய சோடி. வலது செருப்பின் அடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இடது செருப்பின் அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைத் துண்டு... அப்படியே இருந்தது.

"இந்தக் கால் நிலத்திலயே படேல்லை, ஐயா."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது.

முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் வங்காலையில் பஸ்ஸால் இறங்கி, மதகில் கால் வழுக்கி, இடது கணுக்காலை முறித்துக்கொண்டேன். யுத்தம் நடந்த எங்கள் பக்கத்தில் காலில் கட்டோடு ஒருவர் போனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான் — "மிதிவெடியோ?"

"இல்லை, மதகு."

கேட்டவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். "அட, அவ்வளவுதானோ!" என்று போய்விடுவார். எனக்கே வெட்கம். இரண்டு காலோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய், பதினெட்டு வருடம் அகதி முகாமில் கிடந்து, இரண்டு காலோடும் பத்திரமாகத் திரும்பி வந்தவன் நான். கடைசியில் ஒரு மதகா?

பிளாஸ்டர் கழற்றிய பிறகும் எலும்பு சேரவில்லை. "மெதுவாத்தான் பொருந்துது. பாரம் விழுந்தால்தான் எலும்புக்கு உசார் வரும், நடவுங்கோ" என்றார் டொக்டர். முதல் நாள் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி, இடது காலை நிலத்தில் வைத்தேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். நோ இல்லை. சத்தம் மட்டும்தான்.

எனக்கு அது போதாதா? பொருந்திய கொஞ்சமும் விலகிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டொக்டரிடம் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே!

அன்றைக்குப் பிறகு நான் நடந்த விதமே வேறு. கட்டிலில் சௌகரியமாக இருந்துகொண்டு ஊன்றுகோலால் சீமெந்து நிலத்தில் தட்டுவேன். டொக்... டொக்... இடையிடையே ஒரு முனகல். குசினியில் நிற்கிற மனைவிக்கு, மனிசன் பாவம், நோவோடு நடக்கிறார் என்று நினைப்பு. நல்ல மீன் துண்டெல்லாம் என் சோற்றுக் கோப்பையில்தான் விழுந்தது. கிணற்றடிக்குப் போவதென்றால் வலது காலில் கெந்துவேன். ஐந்து கிழமை இப்படி நடந்தேன். ஓரடி கூட நகரவில்லை.

செருப்பைக் கீழே வைத்துவிட்டு டொக்டர் சொன்னார்: "அடுத்த மாதப் படத்திலயும் சேரேல்லையெண்டால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும். இடுப்பெலும்பில கொஞ்சம் எடுத்து வைச்சு, தகடு போடுவினம். அதுக்குப் பிறகும் பழைய நடை வருமெண்டு சொல்லேலாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பேசாதவள் வீட்டுக்கு வந்ததும் தன் தங்கையிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தங்கை ஜசிந்தா எங்களோடுதான் இருக்கிறாள். கண்ணிவெடி அகற்றுகிற வேலை. ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து, மண்ணைச் சாண் சாணாகக் கிளறிப் பார்க்க வேண்டும். இப்போது முசலிப் பக்கம் போய் வருகிறாள். அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்தவள் நேரே என் அறைக்கு வந்தாள்.

"அத்தான், கட்டிலில இருந்தபடியே நடந்தனீங்களாம்?"

"நக்கலடிக்காத பிள்ளை. எனக்குப் பயம். உனக்கென்ன, நீ பயமில்லாதவள்."

"ஆர் சொன்னது?" கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "ஒரு காணி துப்பரவாக்கி முடிஞ்சால், திருப்பிக் குடுக்கிற அண்டைக்கு நாங்கள்தான் முதல்ல அதுக்கு மேலால நடந்து காட்டோணும். காணிக்காரர் குடும்பத்தோட கரையில நிண்டு பாப்பினம். குனிஞ்சு வேலை செய்யேக்க எனக்குப் பயமில்லை அத்தான். நடக்கேக்கதான் பயம். ஒரு வெடியை எடுக்காமல் விட்டிருந்தால்...?"

"அப்ப ஏன் நடக்கிறாய்?"

"நான் நடக்காட்டி அவையள் எப்பிடி வீடு கட்டுவினம்?"

வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாக இந்தப் பிள்ளை எங்களோடு ஒரே வீட்டில் சாப்பிடுகிறது. பயமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் கணுக்காலைப் பற்றி மட்டும் காலை, மத்தியானம், இரவு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எழும்புங்கோ" என்றாள்.

"பிடிப்பியோ?"

"பிடிக்க மாட்டன்."

எழும்பினேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி மனைவி வாசலில் வந்து நின்றாள். ஊன்றுகோலை ஊன்றி, இடது காலை வைத்து, மெல்ல மெல்லப் பாரத்தை இறக்கினேன்.

டக்.

மூவருக்கும் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். முதுகெல்லாம் வியர்வை.

"எலும்போ?" என்றேன்.

"எனக்குத் தெரியாது. நோகுதோ?"

"இல்லை..."

"அப்ப மற்றக் காலை வையுங்கோ."

வைத்தேன். பிறகு இடது. பிறகு வலது. கட்டிலில் இருந்து அலுமாரி வரை ஒன்பது அடி. ஒன்பதில் நான்கு 'டக்'. ஒவ்வொரு சத்தத்துக்கும் கொழும்பு ஒப்பரேஷன் தியேட்டர் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. படம் எடுக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. எலும்பு சேர்கிறதா, பிரிகிறதா? இதை எழுதுகிற இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. பயம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் நடக்கிறேன்.

அன்றைக்கு அலுமாரியைப் பிடித்துக்கொண்டு, எப்படி என் வீரம் என்று கேட்பதற்காகத் திரும்பினேன். ஜசிந்தா அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"நாளைக்கு அக்காவோட நடவுங்கோ, அத்தான். எனக்கு ஏலாது. வெடி கிளறுறது இதைவிட லேசு!"